தனித்தனியாக வரவும்

என் புருஷன் டெல்பர்ட் ஒரு பன்றித்தொடைக்கு ஆசைப்பட்டுத்தான் என்னை இந்த வம்பில் மாட்டிவிட்டுப் போனார். ஆகஸ்டில் எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், கண்காட்சி. பன்றிகளுக்குப் பரிசு கொடுக்கும் கொட்டகைக்கும் எலுமிச்சைச் சாறு விற்கும் வண்டிக்கும் நடுவே வெஸ்பர்லைன் என்ற கம்பெனி கூடாரம் போட்டிருந்தது. பெயர் கொடுத்தால் குலுக்கலில் தேன் தடவிச் சுட்ட முழுத் தொடை ஒன்று கிடைக்கும் என்றது பலகை. டெல்பர்ட் தொடுதிரையில் விரலால் கையெழுத்துப் போட்டார். போட்டபிறகுதான் அது குலுக்கலுக்கு மட்டுமில்லை என்று தெரிந்தது. தன் தகனத்துக்கே தவணை முறையில் முன்பணம் கட்ட ஒப்புக்கொண்டிருந்தார் மனிதர்.

"போகட்டும் விடு லூ," என்றார். "என்னிக்கோ ஒரு நாள் தேவைப்படத்தானே போகுது. இப்பவே கட்டிட்டா விலை ஏறாதாம்."

தொடையை வெஸ்பர்லைன் கிளை மேலாளரின் மச்சான் தூக்கிக்கொண்டு போனான். ஓஹையோவில் எங்கள் பக்கத்து ஆட்கள் ஓசியில் எது கொடுத்தாலும் வரிசையில் நிற்பார்கள். விஷத்தை ஓசியில் ஊற்றினாலும் இன்னொரு கோப்பை கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பார்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தைப் பல வருஷம் கட்டி மேய்த்தவள் நான். எனக்கு இவர்களைத் தெரியும்.

டெல்பர்ட் அடுத்த பிப்ரவரியில், பனி அள்ளும் இயந்திரத்தை உதைத்துக் கிளப்பப் பார்த்தபோது அதன் பக்கத்திலேயே விழுந்து செத்தார். வெஸ்பர்லைன்காரர்கள் கொண்டுபோய் எரித்து, கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் சாம்பலைப் போட்டுக் கொடுத்தார்கள். நான் அதைச் சமையலறைக் குளிர்ப்பெட்டியின் தலையில் வைத்தேன். உயிரோடிருந்தபோது பாதி நேரம் அதன் கதவைத் திறந்துகொண்டு நின்றவர், இனி அங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மே மாதம் குளத்தில் மீன்கள் கொத்த ஆரம்பிக்கும். அவர் ஞாயிறுதோறும் உட்கார்ந்த கரையில் ஒரு கரண்டிச் சாம்பலைத் தூவலாம் என்று பெட்டியைத் திறந்தேன். கரண்டியில் ஏதோ இடறியது. பித்தளை வில்லை. எரிக்கும்போது உடம்போடு இப்படி ஒரு எண் போட்ட வில்லையையும் உள்ளே வைப்பார்கள். ஆள் மாறிவிடாமல் இருக்க அதுதான் அடையாளம். டெல்பர்ட்டின் எண் ரசீதில் இருந்தது. வில்லையிலும் அதே எண். சரி என்று இன்னொரு முறை கரண்டியை விட்டேன். இரண்டாவதாக ஒரு வில்லை வந்தது. அதில் வேறு எண்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதமாகக் காலையில் காபி போடும்போது அந்தப் பெட்டியைப் பார்த்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் நான். யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்? டெல்பர்ட் இதில் இருக்கிறாரா, இல்லை வேறு எவன் வீட்டுப் பெட்டியிலோ கிடக்கிறாரா? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். என் புருஷன் எங்கே என்று எனக்குத் தெரியவேண்டும்.

வெஸ்பர்லைனுக்குப் போன் செய்தேன். பியானோ இசை ஓடியது. பிறகு ஒரு பெண் வந்தாள்.

"உங்கள் இழப்புக்கு மனமார வருந்துகிறோம் மேடம். அந்த வில்லை தவறுதலா விழுந்திருக்கும். சாம்பல் முழுக்க உங்க அன்புக்குரியவருடையதுதான்."

"அந்த இன்னொரு எண் யாரோடது?"

"அது வேறொரு வாடிக்கையாளரோட அந்தரங்கம் மேடம். சொல்ல அனுமதி இல்லை."

"அவரு என் வீட்டு டப்பாவுக்குள்ள படுத்திருக்காரும்மா. இதுக்கு மேல என்ன அந்தரங்கம்?"

பியானோ மறுபடி ஓடியது. ஆடு நனைகிறதென்று அழுத ஓநாய்க்காவது சொந்தக் குரலில் அழத் தெரிந்திருந்தது. இவர்கள் அதற்கும் ஒரு இசைத்தட்டு வைத்திருக்கிறார்கள்.

எங்கள் மெதடிஸ்ட் சபையில் பிரார்த்தனைச் சங்கிலி என்று ஒன்று உண்டு. யாருக்காவது கஷ்டம் என்றால் நான் ஒருத்திக்குப் போன் செய்து ஜெபிக்கச் சொல்வேன். அவள் அடுத்தவளுக்கு, அவள் அதற்கடுத்தவளுக்கு. தேவனிடம் போய்ச் சேருகிறதோ இல்லையோ, சாயங்காலத்துக்குள் மூன்று கவுண்டிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். "லுயெல்லா ஸ்ட்ராபின் பெட்டியில் இரண்டு வில்லை, அவளுக்காக ஜெபியுங்கள்" என்று சங்கிலி ஓடியது. ஜெபித்தார்களோ என்னவோ, அத்தனை பேரும் தங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். ஒரு வீட்டில் வில்லையே இல்லை. இன்னொரு வீட்டில் மூன்று. ஒருத்தி தன் அம்மாவின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி, தோட்டத்துக்குப் போய்க் களை பிடுங்கினாளாம்.

மறுநாள் காலை என் வாசலில் ஆர்டித் ஸ்ட்ரௌட் நின்றாள். பதினெட்டு வருஷமாக என் வாசலை மிதிக்காதவள். அவள் புருஷன் லைலும் டெல்பர்ட்டும் தீயணைப்புக் கூடத்தில் வாரந்தோறும் யூக்கர் என்ற சீட்டாட்டம் ஆடியவர்கள். ஒரு ராத்திரி, கையில் இதயம் போட்ட ஆட்டின் சீட்டை வைத்துக்கொண்டே இல்லையென்று துருப்பால் வெட்டி ஏமாற்றினான் லைல் என்று டெல்பர்ட் சொன்னார். இல்லை என்றார் லைல். அதோடு பேச்சு நின்றது. ஆம்பளைகள் பேசாவிட்டால் பெண்டாட்டிகளும் பேசக்கூடாதாம், எங்கள் ஊர் சட்டம் அப்படி. ஆர்டித்தும் நானும் மளிகைக் கடையில் ஒருத்தியை ஒருத்தி பார்க்காத மாதிரி உறைந்த பட்டாணியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். லைல், டெல்பர்ட்டுக்கு அடுத்த வாரம் செத்தார்.

"என் பொட்டியில வில்லையே இல்லடி லூ," என்றாள். கையில் ரசீது. "உன் ரெண்டாவது வில்லையில என்ன எண்ணுன்னு சொல்லு."

சொன்னேன். அவள் ரசீதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகிவிட்டது. உயிரோடிருந்தவரை ஒரே மேசையில் உட்கார மாட்டேன் என்றவர்கள் இரண்டு பேரும் என் குளிர்ப்பெட்டியின் மேல் ஒரே டப்பாவில் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள்.

"உள்ள வா, காபி குடி," என்றேன்.

எங்கள் வக்கீல் கேலன் ஃபௌஸ்ட், இரும்புக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம் வைத்திருப்பவன். என் சாப்பாட்டுக்கூடத்தில் கேரட்டை மேசைக்கு அடியில் ஒட்டிவைத்த பையன். அவன் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சேர்த்து ஒரே கூட்டு வழக்காகப் போட்டான். வெஸ்பர்லைன் மாநிலத் தலைநகர் கொலம்பஸிலிருந்து ஒரு வக்கீலை அனுப்பியது. பெயர் தோர்ப். காலணியில் முகம் பார்க்கலாம். முகத்தில்தான் பார்க்க ஒன்றும் இல்லை.

நீதிபதி ஹெஸ்லர் முன்னால் தோர்ப் எழுந்து, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்தான். சண்டை வந்தால் நீதிமன்றத்துக்கு வரக்கூடாது, கம்பெனி சொல்லும் நடுவர் மன்றத்துக்குத்தான் போகவேண்டும். மற்றவர்களோடு சேர்ந்தும் வரக்கூடாது, கூட்டு வழக்குப் போடும் உரிமையை வாடிக்கையாளர் விட்டுக்கொடுத்துவிட்டார். ஒவ்வொருவரும் தனித்தனியாக வரவேண்டும். அங்கே நடப்பதை வெளியே பேசக்கூடாது. இவ்வளவும் பன்றித்தொடைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்திருக்கிறது.

"ஐயா, இந்த அம்மா எதுலயும் கையெழுத்துப் போடல," என்றான் கேலன். "போட்டவரு செத்துட்டாரு. அவரும் பன்றித்தொடைக்குன்னு நெனச்சுத்தான் போட்டாரு."

"படிக்காம போட்டது அவரோட தப்பு," என்றான் தோர்ப்.

"நீங்க போன் வாங்கறப்ப படிச்சீங்களா மிஸ்டர் தோர்ப்?"

நீதிபதி ஹெஸ்லர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் சபையில்தான் மூன்றாவது வரிசையில் உட்காருவார். காணிக்கைத் தட்டு வரும்போது மட்டும் பாட்டுப் புத்தகத்தில் ஆழ்ந்துவிடுகிற மனிதர்.

"மேல் கோர்ட்டுங்க இதை எப்பவோ தீர்த்து வெச்சிடுச்சு மிஸஸ் ஸ்ட்ராப்," என்றார். "கூட்டா வர மாட்டேன்னு எழுதிக் கொடுத்தா அது செல்லும். அவர் பேர்ல வர்றவங்களையும் அது கட்டுப்படுத்தும். எனக்கும் வருத்தம்தான். ஆனா ஒப்பந்தம்னா ஒப்பந்தம்."

டெல்பர்ட் உயிரோடிருந்தபோது அவர் கையெழுத்தை நம்பி இரும்புக் கடையில் ஒரு டப்பா ஆணி கடன் கொடுக்க மாட்டார்கள். செத்தபிறகு அந்தக் கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பு வந்துவிட்டது. வருத்தம்தான் என்றாரே ஹெஸ்லர், அந்த வருத்தத்தைக் கொண்டுபோய் மூன்றாவது வரிசையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

முதலில் நான் போனேன். கொலம்பஸில் பன்னிரண்டாவது மாடி. நடுவர் மன்றத்துக்குள் நுழைந்ததும் சூடான பிஸ்கட் வாசனை. அங்கேயே அடுப்பு வைத்துச் சுட்டுத் தட்டில் அடுக்கியிருந்தார்கள். உள்ளே சாக்லெட் பாகாய் உருகி நிற்கிறது. வாயில் ஏதாவது இருந்தால் மனுஷன் குறைவாகக் கத்துவான் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். நடுவர் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி. வெண்ணெயில் செய்த மாதிரி முகம். வெஸ்பர்லைன் தகராறுகள் எல்லாம் அவரிடம்தான் வருமாம், அதனால் தோர்ப்பை அவன் முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

பெட்டியை மேசைமேல் வைத்தேன். இரண்டு வில்லைகளையும் பக்கத்தில் வைத்தேன்.

"இது என் புருஷனோடது. இது லைல் ஸ்ட்ரௌட்டோடது. ரெண்டும் ஒரே பொட்டியில இருந்துச்சு. லைலோட பொண்டாட்டி கீழ காரில உக்காந்திருக்கா, அவகிட்டயே கேளுங்க."

"ஆட்சேபம்," என்றான் தோர்ப். "ஸ்ட்ரௌட் குடும்பத்தோட விஷயம் தனி. இந்த அறைக்குள்ள இருக்கறது மிஸஸ் ஸ்ட்ராபோட கோரிக்கை மட்டும்தான்."

"அது சரிதான் மேடம்," என்றார் நடுவர். "இங்க உங்களைப் பத்தி மட்டும்தான் பேச முடியும்."

"லைல் இந்தப் பொட்டிக்குள்ள இருக்காரா இல்லையான்னு லைலைப் பத்திப் பேசாம எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?"

"பிஸ்கட் எடுத்துக்குங்க," என்றார் அவர்.

ஒரு பெட்டிக்குள் இரண்டு பேர் இருக்கலாம். ஒரு வழக்குக்குள் இரண்டு பேர் இருக்கக்கூடாது. இதைப் படித்தவர்கள், கழுத்துப்பட்டை கட்டியவர்கள், முகம் கோணாமல் என்னிடம் சொன்னார்கள். தீர்ப்பு தபாலில் வந்தது. வில்லை தவறி விழுந்தது நிரூபணமாகிறதாம், வேறெதுவும் நிரூபணமாகவில்லையாம். அதற்குப் பரிகாரமாக, பெட்டியின் விலையைத் திருப்பிக் கொடுப்பார்களாம். கூடவே, நானும் வெஸ்பர்லைனில் எரிவதற்கு முன்பதிவு செய்தால் கட்டணத்தில் தள்ளுபடி உண்டாம்.

அன்று கேலனின் மேல்மாடியில் ஆர்டித்தும் நானும் உட்கார்ந்திருந்தோம். நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. தள்ளுபடிச் சீட்டை மட்டும் மேசைமேல் வைத்தேன். ஆர்டித் படித்தாள். சீட்டை மேசைமேல் அறைந்தாள்.

"தனித்தனியாத்தானே வரச் சொல்றான்? சரி, வருவோம்டி. நான் போறேன், அப்புறம் அந்தக் களை பிடுங்குனவ போகட்டும், அப்புறம் அவ அண்ணன். ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் போவோம். அவனுங்க பிஸ்கட் சுட்டே சாவட்டும்."

கேலன் ஒப்பந்தத்தை எடுத்துப் புரட்டினான். ஒரு இடத்தில் விரலை வைத்தவன் அப்படியே நின்றான்.

"மிஸஸ் ஸ்ட்ராப்," என்றான் மெதுவாக. "நடுவர் மன்றத்துக்கு யாரு கட்டணம் கட்டறதுன்னு நெனக்கறீங்க?"

"நாங்கதான். இல்லாட்டி வேற யாரு?"

"கம்பெனி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா. ஏழை வாடிக்கையாளர் மேல கட்டணத்தைப் போட்டா இந்த ஒப்பந்தம் அநியாயம்னு கோர்ட்டு தூக்கி எறிஞ்சிடும்னு பயந்து, அவங்களே பெருந்தன்மையா எழுதி வெச்சிருக்காங்க. ஒரு ஆளுக்கு அந்தக் கட்டணம், நடுவர் சம்பளம், அறை வாடகை எல்லாம் சேர்ந்தா, உங்க ரெண்டு பேரு காரையும் வாங்கிடலாம்."

"பிஸ்கட்டும்," என்றேன்.

"பிஸ்கட்டும்," என்றான் கேலன். பிறகு மேசையில் தலையை வைத்துக்கொண்டு நெடுநேரம் சிரித்தான். இதைத்தான் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். ஒருத்தியும் தனியாக அவ்வளவு தூரம் வரமாட்டாள் என்பதுதான் அவர்கள் நம்பிக்கை. இந்த அற்ப ஜனங்கள், பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வீட்டில் கிடப்பார்கள் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பில் முக்கால்வாசி சரி என்பதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. ஆர்டித்துக்குக் கோபம் வந்திராவிட்டால் நாங்களும் அப்படித்தான் கிடந்திருப்போம்.

ஆனால் மற்றவர்களை எப்படிக் கிளப்புவது? மன்றத்தில் நடந்ததை யாரிடமும் சொல்லக்கூடாது என்று நான் கட்டுப்பட்டவள். அதற்கு வழி தேவனிடம் இருந்தது. நான் சங்கிலியின் முதல் ஆளுக்குப் போன் செய்தேன். "எனக்காக ஜெபி," என்றேன். "என்ன ஜெபிக்கணும்?" என்றாள். "பரலோகப் பிதாவே, லுயெல்லாவோட மனக்கசப்பைப் போக்கும். நடுவர் மன்றத்துல அவளுக்குத் தள்ளுபடிச் சீட்டு கொடுத்தவங்களை மன்னியும். ஒவ்வொரு குடும்பமும் கேலன் ஃபௌஸ்டோட மேல்மாடிக்குத் தனித்தனியா ஏறிப்போக அவங்க முழங்காலுக்கு பலம் தாரும். கட்டணம் முழுக்க வெஸ்பர்லைன்தான் கட்டணும்னு அவங்க கண்ணைத் திறந்தருளும். ஆமென்."

"மெதுவாச் சொல்லுடி, எழுதிக்கறேன்," என்றாள் அவள்.

வாரக் கடைசிக்குள் இரும்புக் கடை மாடிப்படியில் வரிசை நின்றது. கடைக்காரர் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். எல்லோருடைய விண்ணப்பமும் ஒரே காலையில், ஒவ்வொன்றும் தனி உறையில், கொலம்பஸுக்குப் போனது. நடுவர் மன்றம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வெஸ்பர்லைனுக்குக் கட்டணச் சீட்டு அனுப்பியது.

தோர்ப் பறந்து வந்தான். எங்கே வந்தான்? நீதிமன்றத்துக்கு வரவே கூடாது என்று சொன்ன அதே வாயோடு, நீதிபதி ஹெஸ்லரின் நீதிமன்றத்துக்கு. அன்று கூடம் நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் பின்னல் வேலையோடு வந்திருந்தார்கள்.

அவன் முதல் கோரிக்கை, பிரார்த்தனைச் சங்கிலியை நிறுத்தவேண்டும். ரகசியக் காப்பு விதியை மீறுகிறதாம்.

"மிஸ்டர் தோர்ப்," என்றார் ஹெஸ்லர், "ஜெபிக்கக் கூடாதுன்னு நான் உத்தரவு போடணும்ங்கறீங்களா? ஓஹையோவுல? என் வீட்டுக்காரி அந்தச் சங்கிலியில பதினோராவது ஆளு. நான் ராத்திரி வீட்டுக்குப் போகணுமா வேண்டாமா?"

இரண்டாவது கோரிக்கைக்குத் தோர்ப்பின் குரல் கொஞ்சம் இறங்கியது. எல்லாம் ஒரே சம்பவம், ஒரே கேள்வி, ஒரே ஆதாரம். தனித்தனியாக விசாரிப்பது நேர விரயம், பண விரயம், யாருக்கும் நியாயமில்லை. ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே வழக்காக விசாரிக்க உத்தரவிடவேண்டும்.

கேலன் எழுந்திருக்கவேயில்லை. பின்னல் ஊசிகள் நின்றன. போன தடவை கேலன் வாதாடியதை வரிக்கு வரி ஒப்பித்துவிட்டு அந்த மனிதன் வெட்கமில்லாமல் தண்ணீர் குடித்தான். திருடனுக்குக்கூடத் திருடிய வீட்டைப் பார்த்தால் கொஞ்சம் கண் தாழும்.

ஹெஸ்லர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூட்டா வரக்கூடாதுன்னு எழுதினது உங்க கட்சிக்காரர்தானே?"

"ஆமாங்கய்யா, ஆனா அப்ப இருந்த சூழ்நிலை..."

"படிக்காம எழுதிட்டாங்களோ?"

கூடத்தில் யாரோ இருமினார்கள்.

"ஒப்பந்தம்னா ஒப்பந்தம் மிஸ்டர் தோர்ப்," என்றார் ஹெஸ்லர். ஊரே கைதட்டியது. நான் தட்டவில்லை. அதே வாய், அதே வார்த்தை, போன தடவை என் தலையில் விழுந்தது. காற்றடிக்கும் பக்கம் சாய்கிறவர் அன்று எங்கள் பக்கம் சாய்ந்தார், அவ்வளவுதான்.

அப்புறம் வெஸ்பர்லைன் சமரசத்துக்கு வந்தது. தோர்ப் கேலனின் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினான். என்ன தொகை வேண்டும் என்று கேட்டான். தொகையைக் கேலனோடு பேசிக்கொள்ளலாம், அதற்கு முன்னால் ஒன்று வேண்டும் என்றேன். தீயணைப்புக் கூடத்துக்கு வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும், ஒரே நேரத்தில், யார் எந்தப் பெட்டியில் என்று சொல்லவேண்டும்.

"ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியா எழுதி அனுப்பிடறோமே," என்றான்.

"தனித்தனியாங்கற வார்த்தை இன்னொரு தடவை உன் வாயில வந்துச்சுன்னா," என்றாள் ஆர்டித், "மாடிப்படியில இறங்க மாட்டே, உருளுவே."

சனிக்கிழமை வந்தார்கள். யூக்கர் மேசைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தோம். எங்கள் ஆட்கள் வழக்கம்போல ஆளுக்கொரு பாத்திரத்தில் நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வரிசையாக வைத்துவிட்டார்கள். தோர்ப்புக்கும் தட்டு கொடுத்தார்கள். இந்த ஊர் மரியாதையை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது. தூக்கில் போட வருகிறவனுக்கும் காபியில் சர்க்கரை போதுமா என்பார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கறுப்புப் பெட்டி.

கிளை மேலாளர், பன்றித்தொடை ஜெயித்தவனின் மச்சான், ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். செயல்முறையில் குறைபாடு, அடையாளப்படுத்துவதில் தொய்வு, ஆழ்ந்த வருத்தம். முழுப் பூசணிக்காயைத் தட்டில் நூடுல்ஸுக்கு அடியில் மறைத்துக்கொண்டிருந்தார்.

"தாளைக் கீழ வைய்யா," என்றேன். "ஒரு தடவைக்கு எத்தனை பேரை எரிச்சீங்க?"

அவர் தோர்ப்பைப் பார்த்தார். தோர்ப் தட்டைப் பார்த்தான்.

"ஒருத்தரைத்தான்... விதிப்படி ஒருத்தரைத்தான்."

"விதியைக் கேக்கல. உங்க அடுப்பைக் கேக்கறேன்."

"மூணு பேரு," என்றார். "சில நேரம் நாலு."

"சாம்பலை?"

"ஒரு தொட்டியில அள்ளுவோம். நெறைஞ்சதும் பொட்டிக்கு இவ்வளவுன்னு அளந்து போடுவோம்."

"வில்லை?"

"கையில வந்ததைப் போடுவோம் மேடம்."

களை பிடுங்கியவள் மடியிலிருந்த பெட்டியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். லைல் மட்டும்தான் கலந்திருப்பார் என்று நான் பயந்திருந்தேன். என் பெட்டியைப் பார்த்தேன். அதற்குள் இந்தக் கூடத்திலிருந்த அத்தனை பேருடைய ஆட்களும் இருந்தார்கள். டெல்பர்ட் இத்தனை மடிகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்திருந்தார்.

"எங்களைத் தனித்தனியா வரச் சொன்னீங்க," என்றேன். குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டேன். "அவங்களை மட்டும் ஏன்யா ஒண்ணாச் சேர்த்தீங்க?"

மேலாளர் யோசித்தார். நிஜமாகவே பதில் தேடினார் என்றுதான் நினைக்கிறேன்.

"அடுப்புக்குக் கேஸ் மிச்சம் மேடம்," என்றார்.

அக்டோபரில் டவுன்ஷிப் கல்லறையில் ஒரே ஒரு குழி வெட்டினோம். கேலனின் சித்தப்பா பையன் மண்வாரி வண்டி கொண்டுவந்தான். முந்தின நாள் தோர்ப்பிடமிருந்து கடிதம் வந்தது. எல்லாச் சாம்பலையும் ஒன்றாகக் கொட்டினால் பிற்காலத்தில் யாரையும் தனித்தனியாக அடையாளம் காண முடியாமல் போகும் என்று எச்சரித்திருந்தான். அந்தக் கடிதத்தையும் குழிக்குள் போட்டேன். அவர்கள் எழுதியவற்றில் அடக்கம் செய்யத் தகுதியுள்ளது அது ஒன்றுதான்.

வரிசையாக வந்து கொட்டினார்கள். சாம்பல் மண்ணில் விழும்போது பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. ஆர்டித்தும் நானும் கடைசியில் நின்றோம். இரண்டு பேரும் குழி விளிம்பில் முழங்கால் போட்டு ஒரே நேரத்தில் கவிழ்த்தோம். எழுந்திருக்கும்போது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

"லூ."

"என்னடி?"

"லைல் கையில ஆட்டின் சீட்டு இருந்துச்சுடி. அன்னிக்கு ராத்திரியே எங்கிட்டச் சொல்லிட்டாரு. வெளிய சொன்னா மானம் போயிடும்னு இத்தனை வருஷமும் வாயை மூடிட்டு இருந்தேன்."

பதினெட்டு வருஷம். டெல்பர்ட் சாகும் வாரத்தில்கூட, இரவுச் சாப்பாட்டில், அவன் கையில் ஆட்டின் இருந்தது லூ, என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னவர். நான்தான், விட்டுத்தொலையுங்கள் என்று அதட்டினேன். இதை அவரிடம் உடனே சொல்லவேண்டும் போலிருந்தது. குனிந்து குழிக்குள் பார்த்தேன். எந்தப் பக்கம் பார்த்துச் சொல்வது என்று தெரியவில்லை. சாம்பல் ஒரே நிறமாக, சமமாக, விளிம்புவரை கிடந்தது.

அதனால் குழி முழுவதற்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

"டெல்பர்ட், நீங்க சொன்னது சரிதான். லைல் ஏமாத்தத்தான் செஞ்சாரு."

மண்வாரி வண்டிக்காரன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். ஆர்டித் மூக்கைச் சிந்தினாள். உள்ளே இருந்த அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள்.